கரிசல் பிடித்த ஈயம்

தாம்பரம், சென்னை
12.4.2025

அத்தான் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பது வழக்கம். உங்கள் நலத்தில் எனக்கு அக்கறை இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன். என் நம்பரை உங்கள் போனிலும் அக்கா போனிலும் தடுத்து வைத்திருக்கிறீர்கள். தபால்காரரைத் தடுக்க உங்களால் முடியாது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

பங்குனிப் பொங்கலுக்கு வந்தபோது உங்கள் ஊருணியில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்தேன். "ஏலே, மெட்ராஸ்ல தண்ணிப் பஞ்சம் போலருக்கு, கொழுந்தியா மோந்துட்டுப் போறா பாரு" என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தீர்கள். நீங்கள் குடிப்பது தண்ணீரா விஷமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குத்தான் இந்தக் கோபம், இந்தத் தடுப்பு எல்லாம்.

பார்த்துவிட்டேன். நான் வேதியியல் நடத்தும் கல்லூரியில் அதற்கு மெஷின் இருக்கிறது. உங்கள் தண்ணீரில் காரீயம் இருக்கிறது, குடிநீரில் இருக்கலாம் என்று விட்டிருக்கும் அளவைப்போல் இருபது மடங்கு. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், மூக்கு போதும். ஊருணிக் கரையில், உங்கள் நிலத்தில், உங்கள் பங்காளி தங்கப்பாண்டி கொட்டகை போட்டிருக்கிறார். பழைய லாரி பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, மீன்வலைக்குக் கட்டும் குண்டுகளாக வார்த்துத் தங்கச்சிமடத்துக்கு அனுப்புகிறார். பேட்டரியில் மிஞ்சும் ஆசிட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவரும் பார்ப்பதில்லை, நீங்களும் பார்ப்பதில்லை.

அக்கா கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போதுதான் முழுகாமல் இருக்கிறாள். தாயின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், மூளையைக் கெடுக்கும். கொட்டகையை மூடுங்கள். பங்காளியிடம் பேசத் தைரியம் இல்லையென்றால் அக்காவையாவது இங்கே அனுப்பி வையுங்கள்.

துர்காதேவி


மேலப்புளியங்குளம், முதுகுளத்தூர் வழி
21.4.2025

பெரிய படிப்புப் படித்த கொழுந்தியாளுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான் என்று வாங்கிக்கொண்டேன்.

உன் மெஷின் சொன்னதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஈயச் சொம்பில் ரசம் வைத்துத்தான் உன்னையும் உன் அக்காவையும் உங்கள் அம்மா வளர்த்தார்கள். அப்போது கெடாத மூளையா இப்போது கெடப்போகிறது? உன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கெட்டிருக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம் உண்டு.

கொட்டகையை மூடு என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். மழையை நம்பி மிளகாய் போட்டு, அது கருகி நின்ற வருஷம் உனக்குத் தெரியாது. அப்போது நீ ஏசி ரூமில் சோதனைக்குழாயைக் குலுக்கிக்கொண்டிருந்தாய். தங்கப்பாண்டி அந்த வருஷம்தான் கொட்டகை போட்டான். அதை நம்பி எட்டு வீட்டில் உலை கொதிக்கிறது. மூடிவிட்டு எட்டு வீட்டாரையும் தாம்பரத்துக்கு பஸ் ஏற்றிவிடவா? உன் வீட்டு வாசலில் வரிசையாக உட்காரட்டும்.

உன் அக்கா ராமலெட்சுமி வரமாட்டாளாம். "அவ வைக்கிற குழம்பத் தின்னுறதுக்கு ஈயமே தேவல" என்கிறாள். இது அவள் சொன்னது, நான் சேர்த்தது இல்லை.

தண்ணீர் கெட்டுப்போச்சு என்று சொல்ல யாராலும் முடியும். சுத்தம் பண்ணத் தெரியுமா? இங்கே ஒரு சுத்திகரிப்பு மெஷின் நிற்கிறது. வைத்த அன்று போட்டோ எடுத்தார்கள், அடுத்த வாரம் பூட்டினார்கள், இப்போது பூட்டே துருப்பிடித்துவிட்டது. உன் படிப்பு அந்தப் பூட்டைவிட உருப்படியானதா என்று பார்ப்போம்.

செல்லச்சாமி


தாம்பரம்
3.5.2025

அத்தான் அவர்களுக்கு,

ரசம் வைக்கிற சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். பெயரில் பாதி ஒன்று என்பதால் பொருளும் ஒன்று என்றால் செல்லச்சாமியும் முனிச்சாமியும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

சுத்தம் பண்ணத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மெஷின் வேண்டாம், பூட்டு வேண்டாம். உங்கள் மிளகாய்க் காட்டுக் கரிசல் மண் போதும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழை பெய்தால் உப்பிக் காலைப் பிடித்து இழுக்குமே, அதே மண். அதற்குள் இருக்கும் களி, தண்ணீரில் கரைந்திருக்கிற ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயுசெல்லாம் அதன் மேல் நடந்திருக்கிறீர்கள், அதற்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டு என்று உங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை, அதற்கும் உங்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருக்காது.

செய்ய வேண்டியது: கரிசலைக் காயவைத்துச் சலியுங்கள். நாலில் ஒரு பங்கு உமி சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுங்கள். நிழலில் உலர்த்தி, உமி எரிகிற அளவுக்கு மட்டும் இளஞ்சூட்டில் சுடுங்கள். செக்கச் சிவக்கவிட்டால் அது செங்கல், எதையும் பிடிக்காது. சிமெண்டுத் தொட்டியில் அடியில் மணல், மேலே உருண்டைகள், அடியில் ஒரு குழாய். ஊருணித் தண்ணீரை மேலே ஊற்றிக் கீழே பிடியுங்கள். தீபாவளிக்கு முன் உருண்டைகளை மாற்றிவிட வேண்டும்.

ஏன், எதற்கு என்று கேட்காமல் செய்யுங்கள். கொட்டகையையும் மூடுங்கள்.

துர்காதேவி


மேலப்புளியங்குளம்
12.6.2025

கொழுந்தியாளுக்கு,

தொட்டி கட்டியாகிவிட்டது. முதல் சூளை உருண்டைகள் செக்கச் சிவந்துவிட்டன. உன் முகம் ஞாபகம் வந்ததும் அவ்வளவையும் அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். ஊர்ப் பெண்கள் ஒருவாரம் உட்கார்ந்து உருட்டினார்கள். என் காட்டில் வேலை பார்க்கும் முருகம்மாள் இருக்கிறாளே, அவள் உருட்டிய வேகத்தில் நீ பட்டம் வாங்கியிருந்தால் பத்து வருஷத்துக்கு முன்பே வாங்கியிருப்பாய்.

தண்ணீர் தெளிவாக வருகிறது. ராமலெட்சுமியும் இதைத்தான் குடிக்கிறாள். ஒரு பாட்டில் பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், உன் மெஷினிடம் கேட்டு எழுது.

ஒரு விஷயம். தொட்டியைத் திறந்த அன்று முருகம்மாள், "ஈயம் எங்கன போகுது? மண்ணு திங்குதா? தின்னா அதுக்கு வயிறு நெறயாதா?" என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொழுந்தியாளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சமாளித்தேன். ஊருக்கு முன்னால் முழிப்பது எனக்குப் பழக்கமில்லை. உன் பாஷையில் வேண்டாம், எங்களுக்கு விளங்குகிற மாதிரி நாலு வரி எழுதிவிடு.

பெண்கள் தொட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

செல்லச்சாமி


தாம்பரம்
23.6.2025

அத்தான் அவர்களுக்கு,

ஈயம் அநேகமாக இல்லை. குடிக்கலாம். பாராட்டை எதிர்பார்க்க வேண்டாம், பாராட்டெல்லாம் மண்ணுக்குத்தான்.

நாலு வரியில் விளக்கம் கேட்கிறீர்கள். எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு ஒரு மாதம் நடத்துகிறேன், அதிலேயே பாதிப் பேருக்கு ஏறுவதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலை மூன்றாவது தடவையில் தாண்டியவருக்கு நாலு வரியில் எதைச் சொல்ல? வண்டி மாட்டிடம் யாரும் ஊர்ப்பெயர் சொல்லி ஓட்டுவதில்லை. அது போகிறது, வண்டியும் போய்ச் சேருகிறது. நீங்களும் சொன்னதைச் செய்துகொண்டு போங்கள். முருகம்மாளிடமும் அதையே சொல்லுங்கள்.

மஞ்சள், குங்குமம் பற்றி எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கோபம் வரும் என்று ஆசைப்பட்டு. வரவில்லை. குங்குமத்தைத் தொட்டிக்குள் மட்டும் போடாதீர்கள், அதில் என்ன சாயம் இருக்கிறதோ. மற்றபடி பூசை, அபிஷேகம் எதுவானாலும் தாராளமாக நடத்துங்கள். உங்கள் பக்தியால் மண்ணுக்கு ஒரு கேடும் வராது.

கொட்டகையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நிற்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

துர்காதேவி


மேலப்புளியங்குளம்
26.7.2025

கொழுந்தியாளுக்கு,

உன் அறிவியலை நாங்கள் சாமியாக்கிவிட்டோம். ஆடி அமாவாசை அன்று நீ பார்த்திருக்க வேண்டும், வயிறு எரிந்திருக்கும்.

அமாவாசைக்குச் சேதுக்கரை போய் முழுகி, வீட்டுக்கு ஒரு குடம் கடல் தண்ணீர் கொண்டுவந்து குடிக்கிற கிணற்றில் தெளிப்பது இங்கே வழக்கம். உன் சொந்த ஊரிலும் உண்டு, நீ மறந்திருப்பாய். இப்போது ஊருக்கே குடிதண்ணீர் தொட்டியில்தான். அதனால் இந்த வருஷம் கிணற்றுக்குப் பதிலாகத் தொட்டிக்குச் செய்வோம் என்றார்கள். செய்யலாமா என்று ரெண்டு பேர் யோசித்தார்கள். உன் கடிதத்தை எடுத்து, "அபிஷேகம் தாராளமாக நடத்துங்கள்" என்ற வரியைக் கூட்டத்தில் வாசித்தேன். படித்தவளே சொல்லிவிட்டாள் என்று ஒரே சந்தோஷம்.

இரண்டு வேனில் போய் வந்தோம். எல்லா வீட்டுக் குடத்தையும் வரிசையாக உருண்டைகள் மேல் ஊற்றினோம். பிறகு குழாயைத் திறந்து, பிள்ளைத்தாய்ச்சி முதலில் குடிக்கட்டும் என்று ராமலெட்சுமிக்கு முதல் சொம்பு. கொஞ்சம் கரித்தது. எங்கள் நாக்குக்கு உப்பு என்ன புதுசா? "சேதுக்கரை ருசி அப்படியே இருக்கு" என்று இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்தாள். முருகம்மாளின் மகள்கள் ரெண்டு பேரும் அடுத்து நின்றார்கள்.

உனக்கும் ஒரு பாட்டில் பார்சலில் போட்டிருக்கிறேன். குடி. வாய்க்கொழுப்பாவது கரையும்.

கொட்டகை நிற்கிறதுதான். மண் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும்போது கொட்டகையை எதற்கு மூட வேண்டும்?

செல்லச்சாமி


தாம்பரம்
31.7.2025

அத்தான்,

உங்கள் தீர்த்தம் நேற்று வந்தது. மெஷினில் வைத்தேன். உங்கள் ஊருணித் தண்ணீரில் இருந்ததைப்போல் முப்பது மடங்கு ஈயம். உடனே முருகம்மாள் போனுக்குப் பேசிக் குழாயைப் பூட்டச் சொன்னேன். நீங்கள் வந்து யாரைக் கேட்டுப் பூட்டினாய் என்று அவளிடம் எகிறினீர்களாம். என்னைக் கேட்டு. காரணம் இது.

மண் ஈயத்தைத் தின்பதில்லை. களிமண் தட்டுத் தட்டாக அடுக்கியது. அந்தத் தட்டுகளின் முகத்தில் ஒருவித மின் இழுப்பு உண்டு, அதற்கு எதிரான இழுப்புள்ளவை அதில் போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் சுண்ணாம்புச் சத்தும் உப்புச் சத்தும் ஒட்டியிருக்கும். ஈயம் வந்தால், அதன் மேல் மண்ணுக்குப் பிடிப்பு அதிகம் என்பதால், அவற்றை இறக்கிவிட்டு ஈயத்தை ஏற்றிக்கொள்ளும். முதுகுளத்தூர் பஸ்ஸில் பெரிய ஆள் ஒருவருக்கு எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி. ஆனால் திருவிழாக் கூட்டம் ஏறினால்? நூறு பேர் இடித்துத் தள்ளினால் எப்பேர்ப்பட்ட ஆளும் சீட்டை விட்டு வெளியே வந்துதான் ஆக வேண்டும். கடல் தண்ணீர் அந்தக் கூட்டம். அதில் உள்ள உப்பும் மற்றதும் மொத்தமாக ஏறி, மண் ஒன்றரை மாதமாகப் பிடித்து வைத்திருந்த ஈயத்தை எல்லாம் ஒரே மத்தியானத்தில் தள்ளிவிட்டன. போதாததற்கு உப்பில் உள்ள குளோரைடு ஈயத்தைக் கைப்பிடித்துத் தண்ணீரோடு கூட்டிப்போகும். அந்தத் தண்ணீரை நீங்கள் சொம்பில் பிடித்து என் அக்காவுக்குக் கொடுத்தீர்கள்.

குடிக்கிற தொட்டியில் குடம் குடமாகக் கடலை ஊற்றுகிற புத்தி உலகத்தில் வேறு எந்த ஊருக்கு வரும்? அக்காவை மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தத்தில் ஈயம் பாருங்கள். முருகம்மாள் பிள்ளைகளையும். இன்றே.

துர்காதேவி


மேலப்புளியங்குளம்
17.8.2025

துர்காதேவிக்கு,

மதுரை போய் வந்தோம். ராமலெட்சுமி ரத்தத்தில் ஈயம் அதிகம். முருகம்மாளின் மகள்களுக்கும் இருக்கிறது, முருகம்மாளுக்குக் கொஞ்சம் குறைவு. மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை, கேன் தண்ணீர்.

டாக்டரம்மா ராமலெட்சுமியின் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒருநாள் குடிச்சதுல வந்தது மட்டும் இல்ல. வருசக்கணக்கா ஏறியிருக்கு. வீட்டுப் பக்கத்துல ஈயம் உருக்குறாங்களா?" என்று என்னிடம் கேட்டார். அதை விட்டுவிட்டுப் பிள்ளை எப்படி இருக்கும் என்று கேட்டேன். வளர்ச்சி சரியாக இருக்கிறதாம். மூளை விஷயம் இப்போது யாராலும் சொல்ல முடியாதாம். பிறந்து, நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போனால்தான் தெரியுமாம்.

திரும்பி வந்ததும் கொட்டகையை நானே பிரித்துப் போட்டேன். தங்கப்பாண்டி மண்ணைத் தூற்றிவிட்டுப் போனான். எட்டு வீட்டாரும் என்னோடு பேசுவதில்லை. நீ சொன்னதற்காகப் பிரித்தேன் என்று நினைத்துவிடாதே.

உன் பஸ் கதை எனக்கு ஒரே வாசிப்பில் விளங்கிவிட்டது. பத்தாம் வகுப்பை மூன்றாவது தடவையில் தாண்டியவனுக்கு விளங்கிவிட்டது. கூட்டத்தில் வாசித்தேன், முருகம்மாளுக்கும் விளங்கிவிட்டது. இதை ஜூன் மாதம் கேட்டேன். வண்டி மாடு என்று எழுதினாய். அப்போது இந்தப் பத்து வரியை எழுத உன் மை தீர்ந்துபோயிருக்குமா? திட்டுவதற்கு மட்டும் பக்கம் பக்கமாக மை இருந்தது.

ராமலெட்சுமி உன் கடிதங்களையும் நான் எழுதிப் பார்த்த நகல்களையும் உட்கார்ந்து படித்தாள். "அவளுக்குச் சொல்ல வாய் வரல, ஒங்களுக்குக் கொட்டகையப் பிரிக்கக் கை வரல. எம்புள்ளைய நடுவுல போட்டுட்டு ரெண்டு பேரும் யாரு பெரியாளுன்னு தபால் எழுதி வெளையாண்டிருக்கீங்க" என்றாள். இப்போது தனியாக உலை வைத்துக்கொள்கிறாள். எனக்குச் சோறு போடுவது முருகம்மாள்தான். நீ வந்தால் வாசலோடு நிற்க வேண்டுமாம். நானும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறேன்.

தொட்டி நிறைய உருண்டைகள் கிடக்கின்றன. காட்டில் கொட்டலாமா, திரும்பப் போட்டுக்கொள்ளலாமா, மழைக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும், எதுவும் தெரியாது. எழுது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை, முழுசாக எழுது.

செல்லச்சாமி


தாம்பரம்
22.8.2025

அத்தான்,

உருண்டைகளைக் காட்டில் கொட்டக் கூடாது. அவற்றில் இன்னும் ஈயம் ஒட்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் மெதுவாக இறக்கும், காட்டு உரத்தில் உள்ள உப்பு வேகமாக இறக்கும், அது மறுபடி ஊருணிக்கே வரும். கழுவித் திரும்பப் போடவும் கூடாது. கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றினாலும் அங்கே ஈயம் இருக்கும்.

தொட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். உருண்டைகளை யாரும் வெறுங்கையால் தொட வேண்டாம். காய்ந்தால் தூசி பறக்கும், தூசி மூச்சில் போகும், அதனால் லேசாக ஈரம் இருக்கட்டும். குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது. மூடியுள்ள டிரம்களோடு நான் வேன் எடுத்துக்கொண்டு வருகிறேன். இதற்கென்று குழி கட்டி வைத்திருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அவர்களிடம் பேசிவிட்டேன்.

கொட்டகை இருந்த இடத்தில் மேல்மண்ணிலும் ஈயம் இருக்கும். ஒரு முழ ஆழத்துக்கு அதையும் எடுக்க வேண்டும். அங்கே ஆடு மேயவிடாதீர்கள். அந்த எட்டு வீட்டாரிடமும் நானே பேசுகிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், துணியில் ஒட்டி ஈயம் வீட்டுக்குப் போயிருக்கும். என்னைத் திட்டினால் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

புது உருண்டைகள் போட்ட பிறகு தொட்டியில் உப்போ கடல் தண்ணீரோ உப்புக் கிணற்றுத் தண்ணீரோ படக் கூடாது. சோப்புத்தூள், புளி, எலுமிச்சை எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. புளிப்பும் ஈயத்தை இறக்கிவிடும். சேதுக்கரைத் தண்ணீரை எப்போதும்போல வீட்டு வாசலில் தெளித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் தொட்டிச் சுவரில் எழுதி வையுங்கள், ஏன் என்பதையும் சேர்த்து, பஸ் கதையோடு. எந்த வரி விளங்கவில்லை என்றாலும் எழுதிக் கேளுங்கள், எத்தனை தடவை என்றாலும் பதில் எழுதுகிறேன்.

31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அக்கா வாசலோடு நிறுத்தினால் வாசலில் நிற்கிறேன். முருகம்மாளையும் அங்கே வரச் சொல்லுங்கள். மண்ணுக்கு வயிறு நிறையாதா என்று ஜூன் மாதம் கேட்டாளே, நான் பதில் சொல்லவில்லை. நிறையும்.

துர்கா